ஹல் நகரத்து ஆட்களில் யாரை முதலில் சொல்வீர்கள்?

வாடைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் கிழக்குக் கரையில், ஹம்பர் கழிமுகத்தை ஒட்டி இருக்கிற ஹல் நகரத்தைப் பற்றி இங்கே யாரும் இழை தொடங்கியதாகத் தெரியவில்லை. லண்டன், லிவர்பூல், மான்செஸ்டர் என்றால் பேச ஆள் நிறைய இருக்கிறது. ஹல்லில் ரயில் பாதையே முடிந்துவிடுகிறது. வேறு ஊருக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஊர் அல்ல அது. அங்கே போக வேண்டும் என்று கிளம்பினால்தான் போக முடியும்.

ஆனால் அந்த ஊர் தந்திருக்கிற ஆட்களைப் பாருங்கள். அடிமை வணிகத்துக்கு எதிராக நாடாளுமன்றத்தில் இருபது வருடம் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். இங்கிலாந்தில் இருந்து ஆஸ்திரேலியா வரை தனியாக விமானம் ஓட்டிய முதல் பெண் ஏமி ஜான்சன். பள்ளிக்கூடத்தில் நாம் வட்டம் வட்டமாக வரைந்த வென் படத்தின் ஜான் வென். பைன்வுட் திரைப்பட ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த ஜே. ஆர்தர் ரேங்க். நடிகர் டாம் கோர்ட்னி. பாடகர் டேவிட் போவியோடு கிதார் வாசித்த மிக் ரான்சன். போவியோடு சேர அழைப்பு வந்தபோது ரான்சன் ஹல் மாநகராட்சியில் தோட்ட வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

எந்தப் பட்டியலை எடுத்தாலும் வில்பர்ஃபோர்ஸ் பெயர்தான் முதலில் வரும். நான் முதலில் சொல்வது லிலியன் பிலோக்கா.

1968 ஜனவரியில் ஹல்லில் இருந்து வடகோடிக் கடலுக்குக் காட் மீன் பிடிக்கப் போன செயின்ட் ரோமானஸ், கிங்ஸ்டன் பெரிடாட், ராஸ் கிளீவ்லண்ட் ஆகிய மூன்று டிராலர்களும் (வலையை இழுத்து மீன் பிடிக்கிற கப்பல்கள்) ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்து மூழ்கின. 58 பேர் இறந்தார்கள். ராஸ் கிளீவ்லண்டில் இருந்த ஹாரி எடம் ஒருவர் மட்டும் பிழைத்தார். செயின்ட் ரோமானஸில் ரேடியோ ஆபரேட்டரே கிடையாது. ஜனவரி 10 அன்று கிளம்பிய கப்பலைக் காணவில்லை என்று தேட ஆரம்பித்தது 26-ஆம் தேதிதான். அத்தனை நாளும் வீட்டில் இருந்தவர்களுக்கு ஒரு தகவலும் இல்லை.

லிலியன் பிலோக்கா மீன் ஆலையில் காட் மீனுக்குத் தோல் உரிக்கிற தொழிலாளி. மகன் டிராலரில் போகிறவன். மீனவக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்த ஹெஸல் ரோடு பகுதியில் அவர் கையெழுத்து வாங்கக் கிளம்பினார். சில நாட்களில் 10,000 கையெழுத்து சேர்ந்தது. கூட்டம் போட்டார்கள். தலையில் ஸ்கார்ஃப் கட்டிய பெண்கள் கப்பல் துறைக்கு ஊர்வலமாகப் போனார்கள். ரேடியோ ஆபரேட்டர் இல்லாமல் கிளம்பிய ஒரு கப்பலில் லிலியன் தாவி ஏறப் போனார். போலீஸ்காரர்கள் பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். மேரி டென்னஸ், கிறிஸ்டின் ஜென்சன், இவோன் பிளென்கின்சாப் என்று இன்னும் மூன்று பெண்கள் அவரோடு முன்னணியில் நின்றார்கள். லண்டன் போய் அமைச்சர்களைப் பார்த்தார்கள். அதன் பிறகு 88 பாதுகாப்பு நடவடிக்கைகள் வந்தன.

கையெழுத்து இயக்கம் தொடங்கியதில் இருந்து அமைச்சரைப் பார்த்தது வரை எல்லாம் சில நாட்களில் முடிந்த கதை. ஒரு தொழிலின் பாதுகாப்பு விதிகளை இவ்வளவு சீக்கிரம் மாற்ற வைத்த வேறு யாரை அந்த ஊரில் காட்ட முடியும்? உங்கள் கருத்து என்ன?


சான்றுதேடி எழுதியது:

நல்ல இழை. லிலியன் பிலோக்காவைப் பற்றி இவ்வளவு விவரமாக இப்போதுதான் படிக்கிறேன், நன்றி. ஆனால் வில்பர்ஃபோர்ஸுக்கு மேலே அவரை வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

1791-இல் வில்பர்ஃபோர்ஸ் கொண்டுவந்த மசோதா 163-க்கு 88 வாக்கு என்று தோற்றது. அதன் பிறகு திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார், திரும்பத் திரும்பத் தோற்றார். பிரெஞ்சுப் புரட்சியும் போரும் வந்த பிறகு, இப்படிப்பட்ட பேச்சே நாட்டுக்கு ஆபத்து என்று சொல்கிற சூழ்நிலை. அப்போதும் விடவில்லை. 1807-இல் 283-க்கு 16 என்று நிறைவேறியது. அதே சபையில் பதினாறு வருடத்தில் நடந்த மாற்றம் அது. லிவர்பூல், பிரிஸ்டல் முதலாளிகளின் பணம் முழுக்க எதிர்ப்பக்கம் நின்றது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஒரு தொழிலில் விதிகளை மாற்றியது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனிதனை விற்பது சட்டப்படி சரி என்று இருந்த ஒரு பேரரசில் அந்த வணிகத்தைக் குற்றமாக்கியதை எந்த அளவுகோலில் வைப்பது?


மரக்கலம் எழுதியது:

தம்பி வாடைக்காற்று, இந்தப் பெண்மணியைப் பற்றி எழுதியதற்கு என் நன்றி. நான் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்தக் கோரிக்கையின் கனம் புரிவதற்காகக் கொஞ்சம் தொழில் விவரம் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் பெரிய சரக்குக் கப்பல்களில் ரேடியோ அதிகாரி இருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. மீன்பிடிக் கப்பல்கள் அந்த விதிக்குள் வரவில்லை. ஆபரேட்டர் இல்லாத டிராலரில் கேப்டனே ரேடியோ தொலைபேசியில் பேசிக்கொள்ள வேண்டும். சாதாரண நாளில் அது சமாளிக்கக் கூடியதுதான். புயல் நேரத்தில் கேப்டன் சுக்கானையும் அலையையும் பார்ப்பாரா, ரேடியோவில் அலைவரிசை தேடிக்கொண்டிருப்பாரா? ஆபரேட்டர் இருந்தால் குறித்த நேரத்துக்கு ஒருமுறை கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு வேளை அழைப்பு வரவில்லை என்றாலே கரையில் இருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள். செயின்ட் ரோமானஸ் பல நாள் பேசாமல் இருந்தும் யாரும் பதறாததற்குக் காரணம், அந்தக் கப்பல் பேசும் என்று யாரும் எதிர்பார்க்காததுதான். ஆபரேட்டர் வேண்டும் என்பது வசதி கேட்கிற கோரிக்கை அல்ல. ஆபத்து நடந்த அன்றே வெளியே தெரிய வேண்டும் என்கிற கோரிக்கை.

அடுத்தது பனிக்கட்டி. ஐஸ்லாந்துக்கு வடக்கே குளிர்காலத்தில் அலைத் திவலை கப்பலில் பட்ட உடனே உறைந்துவிடும். கயிறு, பாய்மரக் கம்பம், கைப்பிடிக் கம்பி, ரேடார் என்று எல்லாவற்றின் மேலும் கட்டி கட்டியாக ஏறும். கைவிரல் கனத்தில் இருந்த கம்பி கொஞ்ச நேரத்தில் தொடை கனத்துக்கு வந்துவிடும். கப்பலில் இருப்பவர்கள் கோடாலி, சுத்தியல், கையில் கிடைத்த இரும்பு என்று எதையாவது எடுத்து ராத்திரி பகலாக உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேல்பாரம் ஏற ஏற, ஒரு பக்கம் சாய்ந்த கப்பல் நிமிர்ந்து வர நேரம் எடுக்கும். அந்தத் தாமதம் கூடுவதைக் காலடியிலேயே உணரலாம். ஒரு கட்டத்துக்கு மேல் நிமிராது.

ராஸ் கிளீவ்லண்ட் அப்படித்தான் போனது. பிப்ரவரி 4 அன்று ஐஸ்லாந்தின் ஒரு நீண்ட கடல் நுழைவுக்குள் ஒதுங்க வந்த கப்பல் அது. கப்பல் சாய்கிறது என்றும், தன் அன்பையும் தன் ஆட்களின் அன்பையும் மனைவிமாருக்கும் குடும்பங்களுக்கும் சொல்லுங்கள் என்றும் கேப்டன் ரேடியோவில் சொல்லிவிட்டுத்தான் போனார். அந்த அழைப்பைப் பக்கத்துக் கப்பல்கள் கேட்டன. கிங்ஸ்டன் பெரிடாட், செயின்ட் ரோமானஸ் இரண்டுக்கும் என்ன ஆனது என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.


பொருநை எழுதியது:

மரக்கலம் ஐயா, படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

சான்றுதேடி கேட்ட அளவுகோல் கேள்விக்கு வருகிறேன். வில்பர்ஃபோர்ஸைப் பற்றிப் பேசும்போது தமிழர்களாகிய நாம் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

ஒன்று, 1833-ஆம் ஆண்டு அடிமை ஒழிப்புச் சட்டம். அதன் 64-ஆவது பிரிவு கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும், இலங்கையையும், செயின்ட் ஹெலினாவையும் வெளிப்படையாகவே விலக்கி வைத்தது. பண்ணையாளாகக் கட்டுண்டு கிடந்த தஞ்சாவூர்க்காரருக்கும், யாழ்ப்பாணத்து அடிமைக் குடிகளுக்கும் அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. இந்தியாவில் 1843 வரை, இலங்கையில் 1844 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், அடிமைகளை இழந்த தோட்டங்களுக்கு ஆள் வேண்டும் என்று 1834 முதல் மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் ஏற்றினார்கள். போனவர்களில் தமிழர்கள் ஏராளம். அடிமைகளின் உடைமையாளர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. இந்தச் சட்டம் வந்தபோது வில்பர்ஃபோர்ஸ் நாடாளுமன்றத்தில் இல்லை, 1825-லேயே விலகிவிட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதையெல்லாம் அவர் தலையில் கட்ட முடியாது.

இரண்டாவது அவரே நேரடியாகச் செய்தது. 1813-இல் கம்பெனியின் சாசனத்தைப் புதுப்பித்தபோது, இந்தியாவுக்குள் மிஷனரிகள் வர வழி திறக்க வேண்டும் என்று சபையில் கடுமையாக வாதாடியவர் வில்பர்ஃபோர்ஸ். நம் சமயங்களையும் பழக்கங்களையும் பற்றி அங்கே அவர் பேசியது மிகவும் இழிவான பேச்சு. ஆனால் அந்தக் கதவு திறந்த பிறகுதான் திருநெல்வேலிச் சீமையில் சர்ச் மிஷன் சொசைட்டியின் பள்ளிகள் வந்தன. எழுத்து வாசனையே மறுக்கப்பட்டவர்களின் பிள்ளைகள் அங்கே படித்தார்கள். எங்கள் பக்கத்தில் இந்த இரண்டையும் தெரிந்த குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன.

இதில் இன்னொரு ஹல் தொடர்பும் உண்டு. அந்தச் சொசைட்டியின் செயலாளராக 1841-இல் இருந்து மூன்று பத்தாண்டுக்கு மேல் இருந்த ஹென்றி வென், அதற்கு முன்பு ஹல்லில் டிரைப்பூல் பகுதிப் பாதிரியார். அங்கே 1834-இல் பிறந்த மகன்தான் வென் படம் போட்ட ஜான் வென். திருநெல்வேலி மிஷன் விவகாரங்கள் எல்லாம் லண்டனில் எவர் மேஜைக்குப் போனதோ, அவர் மகனின் வட்டங்களை இப்போது நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கண மொழிப் பாடத்தில் வரைகிறார்கள்.


வாடைக்காற்று எழுதியது:

பொருநை அக்கா, அந்த 64-ஆவது பிரிவு பற்றி நிறையப் பேருக்குத் தெரியாது. எடுத்துச் சொன்னதற்கு நன்றி.

நான் லிலியனை மேலே வைப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1799-இல் தொழிலாளர்கள் ஒன்று சேர்ந்து கூலி உயர்வு கேட்பதையே குற்றமாக்கிய சட்டம் வந்தது. அதை ஆதரித்து முன்னால் நின்றவர்களில் வில்பர்ஃபோர்ஸும் ஒருவர். கடலுக்கு அப்பால் சங்கிலியில் கிடந்தவர்களுக்காகக் கண்ணீர் விட்ட மனிதர், தன் நாட்டு ஆலைத் தொழிலாளி நாலு பேரைச் சேர்த்துப் பேசுவதைப் பொறுக்கவில்லை. உயர்ந்தவர்கள் இரங்கிக் கொடுக்க வேண்டும், கீழே இருப்பவர்கள் கேட்டு வாங்கக் கூடாது என்பதுதான் அவருடைய ஒழுங்கு.

லிலியன் கேட்டு வாங்கியவர். அதே ஊரில், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு, மீன் ஆலைத் தொழிலாளி ஒருவர் அமைச்சரின் முன்னால் உட்கார்ந்து, இதைச் செய்யுங்கள் என்று பட்டியல் கொடுத்தார். அந்த மேஜைக்கு எதிரே அவர் உட்கார்ந்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.


சான்றுதேடி எழுதியது:

1799 சட்டம் உண்மை. அது அவர் மேல் உள்ள கறை, அதை மூடி வைக்க நான் வரவில்லை.

ஆனாலும் ஊரைப் பற்றிய இழை என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். வில்பர்ஃபோர்ஸ் ஏன் ஹல்லில் இருந்து வந்தார் என்பதற்கு வரைபடமே பாதி பதில் சொல்கிறது. லிவர்பூலும் பிரிஸ்டலும் மேற்கே பார்த்த துறைமுகங்கள். அவற்றின் கப்பல்கள் ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் என்று போயின. ஹல் கிழக்கே பார்த்தது. பால்டிக் கடல், ரஷ்யா, ஸ்காண்டிநேவியா. மரம், இரும்பு, சணல். வில்பர்ஃபோர்ஸின் தாத்தா சொத்து சேர்த்தது அந்த பால்டிக் வணிகத்தில்தான். 1780-இல் 21 வயதில் ஹல்லின் உறுப்பினராகச் சபைக்குள் போனவருக்கு, அடிமை வணிகத்தால் வாழ்கிற ஓட்டுக்காரர்கள் ஊரில் பெரும் கூட்டமாக இல்லை. லிவர்பூல் உறுப்பினர் அப்படிப் பேசியிருந்தால் அடுத்த தேர்தலில் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

அதற்காக அவருக்கு எல்லாம் சுலபமாக இருந்தது என்று சொல்லவில்லை. ஊர் அவருக்குக் கொடுத்த சுதந்திரத்தை அவர் வீணாக்கவில்லை என்கிறேன். தாமஸ் கிளார்க்சன் துறைமுகம் துறைமுகமாக அலைந்து சாட்சி சேகரித்தார். அடிமையாக இருந்து மீண்ட ஒலவ்டா எக்குவியானோ தன் வாழ்க்கையை எழுதினார். அவர்கள் சேர்த்ததைச் சபைக்குள் கொண்டுபோய்ப் பேச ஒருவர் வேண்டியிருந்தது. அந்த இடத்தில் அவர் நின்றார். 1833 ஜூலையில் ஒழிப்பு மசோதா நிறைவேறப் போவது உறுதியான மூன்றாம் நாள் இறந்தார்.


குறிஞ்சிமலர் எழுதியது:

இரண்டு பேரும் மாறி மாறிப் பேசுவதில் ஏமி ஜான்சன் விட்டுப்போய்விட்டார். அவருக்காக நான் வருகிறேன்.

1903-இல் ஹல்லில் மீன் வியாபாரியின் மகளாகப் பிறந்தவர். ஷெஃபீல்டில் பொருளாதாரம் படித்துவிட்டு லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டப் பழகினார். அதோடு நிற்காமல் ஹேங்கரில் கிரீஸும் எண்ணெயுமாக மெக்கானிக்குகளோடு வேலை செய்து, தரைப் பொறியாளர் உரிமமும் வாங்கினார். பிரிட்டனில் அந்த உரிமம் வாங்கிய முதல் பெண் அவர்தான். விமானத்தை ஓட்டியதைவிட இதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வழியில் இயந்திரம் பழுதானால் யாரையும் எதிர்பார்க்காமல் தானே பார்த்துக்கொள்ளலாம் என்கிற தைரியம் அங்கிருந்து வந்ததுதானே!

1930 மே 5 அன்று குரோய்டனில் இருந்து கிளம்பினார். மேலே மூடி இல்லாத ஜிப்ஸி மாத் விமானம், அதுவும் பழையது. வாங்குவதற்கு அப்பாவும் பண உதவி செய்தார். விமானத்துக்கு ஜேசன் என்று பெயர். அது அப்பாவின் மீன் கம்பெனியின் வணிக முத்திரைப் பெயர். அதற்கு முன்பு அவர் ஓட்டிய மிக நீண்ட தூரம் லண்டனில் இருந்து ஹல் வரைதான். கராச்சி, ஜான்சி, அலகாபாத், கல்கத்தா என்று நம் நாட்டு வழியாகத்தான் போனார். ஜான்சியில் பெட்ரோல் தீர்ந்து ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். ரங்கூன் பக்கம் இன்சேனில் தொழிற்பயிற்சிக் கல்லூரி மைதானத்தில் இறங்கும்போது பள்ளத்தில் மாட்டி இறக்கை உடைந்தது. கல்லூரிக்காரர்கள் சேர்ந்து சரிசெய்து கொடுத்தார்கள். மே 24 அன்று டார்வின் போய்ச் சேர்ந்தார். சுமார் 11,000 மைல்.

இரண்டாம் உலகப் போரில் ராணுவ விமானங்களை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பணியில் இருந்தார். 1941 ஜனவரி 5 அன்று தேம்ஸ் கழிமுகத்தில் விழுந்தார். 37 வயது. அவரைக் காப்பாற்ற உறையும் தண்ணீரில் குதித்த கடற்படை அதிகாரி வால்டர் ஃபிளெட்சரும் இறந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை.

வாடைக்காற்று, ஒரே ஊர், ஒரே மீன் தொழில். ஒருவர் மீனை விற்கிற வீட்டுப் பெண், இன்னொருவர் மீனுக்குத் தோல் உரிக்கிற வீட்டுப் பெண். இரண்டு பேரையும் சேர்த்துத்தான் ஹல் என்று நான் சொல்வேன்.


நடுநிசி எழுதியது:

ஒரு சந்தேகம். யாரை ஹல்காரர் என்று கணக்கில் எடுப்பது? கவிஞர் ஸ்டீவி ஸ்மித் ஹல்லில் பிறந்தார். மூன்று வயதிலேயே லண்டன் போய் அங்கேயே வாழ்ந்து முடித்தார். ஜான் வென் கைக்குழந்தையாக ஊரை விட்டுப் போனவர். ஃபிலிப் லார்கின் பிறந்தது கவென்ட்ரியில். ஆனால் 1955-இல் இருந்து 1985-இல் சாகும் வரை ஹல் பல்கலைக்கழக நூலகராக அங்கேயே இருந்தார். பட்டியலில் ஸ்டீவி ஸ்மித்தையும் வென்னையும் சேர்த்துவிட்டு லார்கினை விடுவது சரியாகப் படவில்லை.


பொருநை எழுதியது:

நடுநிசி, லார்கினை ஊர் விடவில்லை. பாரகன் ரயில் நிலையத்துக்குள்ளேயே அவருக்குச் சிலை இருக்கிறது. 2010-இல் வைத்தார்கள், ரயிலைப் பிடிக்க விரைகிற கோலத்தில். கவிதையில் அவர் என் விருப்பக் கவிஞர்களில் ஒருவர். அவர் இறந்த பிறகு வெளியான கடிதங்களில் இருந்த இனவெறிப் பேச்சைப் படித்தபோது மனது மிகவும் கசந்துபோனது.

கவிஞர் என்றால் நான் ஆண்ட்ரூ மார்வெலைச் சொல்வேன். சின்ன வயதிலேயே ஹல் வந்து, அங்கேயே இலக்கணப் பள்ளியில் படித்து, 1659 முதல் 1678-இல் இறக்கும் வரை அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர். அவருடைய புகழ்பெற்ற காதல் கவிதையில், நீ இந்தியாவின் கங்கைக் கரையில் மாணிக்கம் பொறுக்கு, நான் ஹம்பர் கரையில் இருந்து புலம்புகிறேன் என்று காதலியிடம் சொல்கிற இடம் வரும். அந்த ஹம்பரைக் கடக்கும்போதுதான் 1641-இல் அவருடைய அப்பா மூழ்கி இறந்தார். அந்தத் தண்ணீரைக் கவிதையில் கொண்டுவரும்போது அவருக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.


மைதானம் எழுதியது:

பிறந்த ஊர் பற்றிப் பேச்சு வந்ததால் கிளைவ் சல்லிவனைச் சொல்லியே ஆக வேண்டும். கார்டிஃபில் பிறந்த கறுப்பின ரக்பி லீக் வீரர். ஹல்லில் இரண்டு அணிகள். மேற்குப் பக்கத்துக்கு ஹல் எஃப்சி, ஆற்றுக்குக் கிழக்கே ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். குடும்பத்துக்குள்ளேயே பேச்சு நின்றுபோகிற அளவுக்குப் பகை. சல்லிவன் முதலில் ஹல் எஃப்சிக்கு 250 டிரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது), அப்புறம் ரோவர்சுக்கு 118 டிரை. இரண்டு பக்கமும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடின.

1972 உலகக் கோப்பையில் பிரிட்டன் அணிக்குக் கேப்டன். பிரிட்டனின் எந்த விளையாட்டிலும் தேசிய அணிக்குக் கறுப்பினக் கேப்டன் அவர்தான் முதல் ஆள். லியோன் நகரில் ஆஸ்திரேலியாவோடு இறுதி ஆட்டம். ஏறக்குறைய மைதானத்தின் முழு நீளமும் ஓடி ஒரு டிரை போட்டார். 10-10 என்று சமனில் முடிந்து, முந்தைய ஆட்டங்களின் கணக்கில் கோப்பை பிரிட்டனுக்கு வந்தது. 1985-இல் 42 வயதில் புற்றுநோயால் இறந்தார். மேற்கே இருந்து ஹல்லுக்குள் வருகிற பிரதான சாலைக்கு அவர் பெயர்தான். காரில் ஊருக்குள் போகிறவர்கள் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் போக முடியாது.


ஆய்வுக்கூடம் எழுதியது:

ஒரு வேதியியல்காரரும் இருக்கிறார். ஜார்ஜ் கிரே, ஸ்காட்லாந்துக்காரர், ஹல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். திரவப் படிகங்களை வைத்துத் திரை செய்யலாம் என்பது 1960-களிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் கிடைத்த பொருட்கள் சூடாக்கினால்தான் வேலை செய்யும், அல்லது சீக்கிரம் கெட்டுப்போகும். அறை வெப்பநிலையிலேயே நிலையாக இருக்கிற சயனோபைஃபினைல் சேர்மங்களை கிரேயும் அவருடைய குழுவும் ஹல்லில் உருவாக்கினார்கள். 1973-இல் அறிக்கை வந்தது. டிஜிட்டல் கடிகாரம், கால்குலேட்டர் எல்லாம் வீட்டுக்கு வீடு வந்தது அந்தப் பொருளால்தான். 1995-இல் கியோட்டோ பரிசு கிடைத்தது. இவ்வளவு செய்தவரின் பெயர் நம் பாடப் புத்தகங்களில் இல்லாதது எனக்கு ஆதங்கம்.


குறிஞ்சிமலர் எழுதியது:

ஆய்வுக்கூடம், அந்த வரிசையில் ஐசக் ரெக்கிட்டையும் சேர்க்கலாம். லிங்கன்ஷையர்க்காரர், 1840-இல் ஹல்லில் ஸ்டார்ச் ஆலை நடத்த ஆரம்பித்தார். அந்தக் கம்பெனியில் இருந்து வந்ததுதான் வேட்டிக்கும் சட்டைக்கும் போட்ட ராபின் நீலமும், இன்று வரை குளியலறையில் இருக்கிற டெட்டாலும். மகன் ஜேம்ஸ் ரெக்கிட் தொழிலாளர்களுக்காக 1908-இல் தோட்டத்தோடு வீடுகள் கட்டிக் கொடுத்தார். அந்தக் குடியிருப்பு இன்னும் இருக்கிறது.


வாடைக்காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, சல்லிவனையும் கிரேயையும் நான் விட்டிருந்தேன்.

லிலியனுக்குப் பிறகு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. அதைச் சொல்லாமல் இந்த இழையை விட எனக்கு மனமில்லை. பெண்கள் கப்பல் துறைக்குப் போனாலே துரதிர்ஷ்டம் என்று நம்புகிற சமூகம் அது. கப்பல் கிளம்புகிற நாளில் வீட்டில் துணி துவைக்க மாட்டார்கள், துவைத்தால் ஆள் கடலோடு போய்விடுவான் என்பார்கள். அந்த ஊரில் ஒரு பெண் துறைக்குப் போய்க் கத்தினார், தொலைக்காட்சியில் பேசினார். மிரட்டல் கடிதங்கள் வந்தன. திட்டியவர்களில் மீனவர்களும் உண்டு, மீனவர் மனைவிகளும் உண்டு. மோசமான வானிலை என்று கப்பல்களை நிறுத்தி வைத்தபோது, வருமானம் போனதற்கு அவர்தான் காரணம் என்றார்கள். வேலையில் இருந்து நிறுத்தினார்கள். ஹல்லின் மீன் தொழிலில் அதற்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை தரவில்லை. 1988-இல் 59 வயதில் வறுமையில் இறந்தார். அவரோடு நின்ற இவோன் பிளென்கின்சாப்புக்கு, ஐம்பது வருடம் கழித்து 2018-இல் நகரத்தின் கௌரவம் கிடைத்தது. லிலியன் இருக்கும்போது அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சான்றுதேடி, வில்பர்ஃபோர்ஸுக்கு அவர் இறந்த மறு வருடமே ஊர் தூண் எழுப்ப ஆரம்பித்தது. அதனால்தான் முதல் இடத்தை லிலியனுக்குக் கொடுக்கிறேன்.


சான்றுதேடி எழுதியது:

இவ்வளவு படித்த பிறகு அவரை என் பட்டியலில் இரண்டாவதாக வைக்கிறேன். முதல் இடத்தை மாற்ற மாட்டேன். ஒருவருக்கு ஊர் அநியாயம் செய்தது என்பதற்காக இன்னொருவர் செய்த வேலையின் அளவு குறையாது.

மரக்கலம் ஐயா, அந்த 88 நடவடிக்கைகளுக்குப் பிறகு ஹல் டிராலர்கள் மூழ்கவே இல்லையா?


மரக்கலம் எழுதியது:

மூழ்கின தம்பி. 1974 பிப்ரவரியில் கால் என்கிற கப்பல் நார்வேக்கு வடக்கே 36 பேரோடு காணாமல் போனது. அது ஆபரேட்டர் இருந்த, கிட்டத்தட்ட புதிய, பெரிய கப்பல். அபாய அழைப்புகூட வரவில்லை. 1997-இல்தான் கடலடியில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். விதி எதுவும் கடலைக் கட்டிப்போடாது. ஆனால் 1968-க்குப் பிறகு குளிர்காலத்தில் ஐஸ்லாந்துப் பக்கம் மருத்துவரும் வானிலைத் தகவலும் உள்ள துணைக் கப்பல் நின்றது. முறையாகத் தொடர்பு கொள்ளும் ஏற்பாடு வந்தது. அதனால் கரை திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று எவரும் கணக்கு எடுக்க முடியாது, திரும்பி வந்தவர்கள் செய்தியில் வருவதில்லையே. 1976-இல் ஐஸ்லாந்து தன் 200 மைல் மீன்பிடி எல்லையை உறுதியாக்கிக்கொண்ட பிறகு ஹல்லின் தூரக்கடல் மீன்பிடிப்பே ஏறக்குறைய முடிந்துவிட்டது.


நடுநிசி எழுதியது:

லீட்ஸில் படிக்கிறேன். அடுத்த வாரம் போகலாம் என்று இருக்கிறேன். எங்கே போக வேண்டும் என்று யாராவது சொல்லுங்கள்.


வாடைக்காற்று எழுதியது:

லீட்ஸில் இருந்து ஒரே ரயில், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாரகன் நிலையத்தில் இறங்கியதும் லார்கின் சிலை. அங்கிருந்து பழைய நகரத்துக்குள் நடந்தால் ஹை ஸ்ட்ரீட்டில் வில்பர்ஃபோர்ஸ் பிறந்த வீடு, இப்போது அருங்காட்சியகம், கட்டணம் இல்லை. 1807-க்கு முந்தைய அடிமைக் கப்பலின் மாதிரியை நின்று பாருங்கள். பக்கத்தில் டிரைப்பூல் பாலத்தில் வென்னின் நினைவாக வட்டங்கள் வரைந்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு மேற்கே ஹெஸல் ரோட்டுக்குப் பஸ் பிடியுங்கள். லிலியன் பெயரைச் சொல்லி அந்தத் தெருப் பெண்களுக்கு வைத்த பலகை அங்கே இருக்கிறது. சுவர் ஓவியங்களும் இருக்கின்றன. மழைக்கோட்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஹம்பர் பக்கம் காற்று பலமாக அடிக்கும்.